புது பிக்கப்புக்கு 40 மில்லிமீட்டர்: 66 ஆயிரத்தில் முடிந்த சஸ்பென்ஷன் லிஃப்ட்

வண்டி இசுசூ டி-மேக்ஸ் வி-கிராஸ், 1.9 லிட்டர் டீசல், ஃபோர் வீல் டிரைவ். வாங்கிய சூட்டோடு சஸ்பென்ஷனில் கை வைக்கலாமா என்று பலரும் கேட்டார்கள். வைத்தேன். மழைக்காலம் முழுக்கத் தோட்டப் பாதையில் ஓட்டி, அடியில் படுத்துப் பார்த்து, புதுக் கீறல் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு இதை எழுதுகிறேன். முன்னால் சுமார் 40, பின்னால் 33 மி.மீ. உயரம் கூடியிருக்கிறது. மொத்தச் செலவு 66,050 ரூபாய். இதைவிடக் குறைவாகவும் முடித்திருக்கலாம், இரண்டு மடங்கும் ஆகியிருக்கலாம். எது எதற்குக் காசு போனது, எதற்குப் போகத் தேவையில்லை என்று வரிசையாகச் சொல்கிறேன்.

தோட்டம் தாண்டிக்குடிப் பக்கம். காபியும் மிளகும், நிழலுக்கு சில்வர் ஓக். வத்தலகுண்டிலிருந்து மலை ஏறும் தார் ரோட்டில் எந்த வண்டியும் போகும். பிரச்சினை ரோட்டை விட்டு இறங்கிய பிறகுதான். எங்கள் பக்கத்துத் தோட்டப் பாதைகள் எல்லாம் பழைய ஜீப்புகளை மனதில் வைத்து வெட்டியவை. ஜீப்பின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே தூரம் குறைவு, மேட்டு முதுகைச் சட்டென்று தாண்டிவிடும். வி-கிராஸின் வீல்பேஸ் 3,095 மி.மீ. அதே மேட்டில் முன்சக்கரம் தாண்டி இறங்கும்போது நடு வயிறு பாறையில் உட்கார்ந்துவிடுகிறது. மழை பெய்து சக்கரத்தடம் ஆழமானால் இன்னும் மோசம்.

எவ்வளவு உயரம் வேண்டும் என்று தெரியாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் கையில் இருக்கும் கிட் எவ்வளவு உயர்த்துமோ, அதுதான் நமக்குத் தேவை என்று ஆகிவிடும். அதனால் முதல் வேலையாக சுண்ணாம்பு கரைத்தேன். வெள்ளையடிக்கிற பதத்தில் கெட்டியாகக் கரைத்து, பிரஷ்ஷால் வண்டியின் அடிப்பகுதி முழுக்கப் பூசினேன்: முன் பம்பரின் கீழ் விளிம்பு, எஞ்சினுக்குக் கீழே இருக்கும் தகடு, இரண்டு பக்கப் படிகள், டிரான்ஸ்ஃபர் கேஸை (இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) தாங்கும் குறுக்குச் சட்டம், பின் ஆக்சிலில் கிரௌன் பல்சக்கரம் இருக்கும் உருண்டை, ஆக்சிலைக் கமான் பட்டையோடு (லீஃப் ஸ்பிரிங்) கட்டும் யூ போல்ட்டின் கீழ் நுனிகள், ஸ்டெப்னி. சைலன்சர் பக்கம் பூசவில்லை. நன்றாகக் காய்ந்ததும், வழக்கமாக ஏற்றும் சுமையோடு, மெதுவாகத் தோட்டம் வரை போய்த் திரும்பினேன். எங்கே சுண்ணாம்பு உரிந்திருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது.

இரண்டு பக்கப் படிகளும் ஏறக்குறைய முழு நீளத்துக்கு உரிந்திருந்தன. முன் பம்பரின் இடது மூலை நன்றாகத் தேய்ந்திருந்தது. குறுக்குச் சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேய்ப்பு. பின் யூ போல்ட் நுனிகளில் லேசாக. கிரௌன் உருண்டையில் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. இது முக்கியம். ஏனென்றால் சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் பின் ஆக்சில் தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகாது. அதை உயர்த்த வேண்டுமானால் பெரிய டயர்தான் வழி. எனக்கு அங்கே இடிக்கவில்லை, ஆகவே டயர் செலவு மிச்சம்.

படிகளை அன்றே கழற்றினேன். ஸ்பேனர் தவிர எதுவும் தேவைப்படவில்லை, காசும் இல்லை. திரும்பச் சுண்ணாம்பு பூசி ஓட்டியபோது குறுக்குச் சட்டமும் பம்பர் மூலையும் மட்டும்தான் மிஞ்சின. சட்டம் உரசிய இடத்தில் பாறைக்கும் தடத்துக்கும் உள்ள உயரத்தை மட்டப்பலகை வைத்து அளந்து பார்த்ததில், 30 மி.மீ. கூடினால் உரசாது என்று வந்தது. சுமை இறங்குவதற்கும் ஸ்பிரிங் போகப்போக அமர்வதற்கும் 10 சேர்த்து, 40 என்று முடிவு செய்தேன். கடைகளில் 50, 75 என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். 40 போதும் என்று தெரிந்துகொண்டு போனதால் பல செலவுகள் தாமாகவே கழன்றன. 50 தாண்டினால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் ஆர்மை மாற்ற வேண்டிவரும், முன் டிஃபரன்ஷியலைக் கீழே இறக்கும் பேக்கிங் வேண்டும், முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் மூட்டான சி.வி. ஜாயிண்ட் எந்நேரமும் வளைந்தே சுழலும். அந்தப் பக்கமே போகவில்லை.

அளவெடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தரையிலிருந்து மட்கார்டு வரை அளந்தால் டயர் காற்று மாறினாலே அளவு மாறும். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். பெட்ரோல் பங்க்கில் டீசல் நிரப்பிவிட்டு, சமதளத்தில், வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி நிறுத்தி, ஆள் இல்லாமல் எடுத்தது: முன் இடது 486, முன் வலது 480, பின் இடது 524, பின் வலது 519. புது வண்டியிலேயே வலப்பக்கம் 5, 6 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. அடுத்து பின் தொட்டியில் நான்கு மூட்டை உரம் வைத்து அளந்தேன். பின்பக்கம் 41 மி.மீ. இறங்கியது. தனியார் பதிவில் இருக்கும் இந்த வண்டியில் ஏற்ற அனுமதித்த எடையே அவ்வளவுதான், அதற்கு மேல் நான் ஏற்றுவதில்லை. இந்த எண்கள் எல்லாம் டாஷ்போர்டில் ஒட்டிய ஒரு தாளில் இருந்தன. பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் அந்தத் தாள்தான் வழி சொன்னது.

இனி எதைப் போடுவது.

மிக மலிவு, ஸ்பேசர். முன்பக்கம் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலைக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு அலுமினிய வளையம். 20 மி.மீ. வளையம் வைத்தால் சக்கரத்தில் 40 வரும், ஏனென்றால் ஸ்ட்ரட் கீழ் ஆர்மின் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் கமான் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஒரு கட்டை. எல்லாம் சேர்த்து மாட்டிக்கொடுக்க ஒன்பதாயிரம் ரூபாய் கேட்டார்கள். ரோட்டில் மட்டும் ஓடும் வண்டிக்கு இது உறுத்தாமல் ஓடிவிடும். ஆனால் ஸ்ட்ரட் கீழே தள்ளப்படுவதால் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஆர்ம் வழக்கத்தைவிடக் கீழே போகும், மேல் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்ட் அதன் எல்லை வரை வளையும். எங்கள் பாதையில் சக்கரம் தொங்குவது அன்றாடம். பின்னால் கட்டை வைத்தால், ஏற்றத்தில் முதல் கியரில் மிதிக்கும்போது ஆக்சில் பட்டையை முறுக்கும். இரண்டும் எனக்கு ஆகாது. ஸ்பிரிங்குக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே வைக்கும் இன்னொரு வகை ஸ்பேசரும் உண்டு. அது ஸ்பிரிங்கை எந்நேரமும் அழுத்தி வைப்பதால், சக்கரம் கீழே இறங்குவதற்கு உள்ள இடம் குறைந்து, ஒவ்வொரு குழியிலும் ஷாக் மேலே முட்டி 'டக்' என்று அடிக்கும். அதையும் விட்டேன்.

முன்பக்கம் காயில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கிக்கொள்ளும் கம்பி (டார்ஷன் பார்) வைத்த பழைய பிக்கப்களில் ஒரு போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் ஏறிவிடும். டி-மேக்ஸின் முந்தைய தலைமுறை அப்படித்தான். இந்தத் தலைமுறையில் காயில் ஸ்பிரிங் என்பதால் அந்த வழி இல்லை.

மேல் தட்டில் இருப்பது முழு கிட். ஏ.ஆர்.பி.-யின் ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன் போன்ற ஆஸ்திரேலியப் பெயர்கள், தாய்லாந்தின் புரோஃபெண்டர், இப்படி டி-மேக்ஸுக்கு நிறையவே வருகின்றன. அந்த ஊர்களில் இந்த வண்டி ஏராளமாக ஓடுவதால் அளவெல்லாம் கச்சிதம். ஒரு முழு கிட்டுக்கு எனக்குச் சொன்ன விலை 1,35,000, மாட்டும் கூலி தனி. தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தயக்கம் வேறு இடத்தில் வந்தது.

ஆஸ்திரேலியாவில் பிக்கப் வாங்குபவர்களில் நிறையப் பேர் முன்னால் ஸ்டீல் பம்பரும் (புல் பார்) வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிவடச் சுருள்) மாட்டுவார்கள். இரண்டும் சேர்ந்தால் எழுபது, எண்பது கிலோ மூக்கின் மேல் ஏறும். அதனால் ஒரே வண்டிக்கு, ஒரே உயரத்துக்கு, வெவ்வேறு வலுவில் ஸ்பிரிங் செய்கிறார்கள்: பம்பர் இல்லாததற்கு ஒன்று, பம்பரோடு ஒன்று, பம்பரும் வின்ச்சும் இருந்தால் இன்னொன்று. பின்பட்டையும் அப்படித்தான், எந்நேரமும் 300 கிலோ சுமக்கும் வண்டிக்கு ஒன்று, வெறும் வண்டிக்கு ஒன்று. நம் ஊரில் புல் பார் மாட்டக் கூடாது என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அப்படியிருக்க, நான் விசாரித்த கடைகளில் கையிருப்பில் இருந்ததெல்லாம் பம்பருக்கான நடுத்தர வலு ஸ்பிரிங். வெறும் மூக்கோடு அதை மாட்டினால் 40 எதிர்பார்த்த இடத்தில் 60 ஏறும், சின்னக் கல்லில்கூடத் தூக்கிப்போடும். வலு அதிகம் என்றால் நல்லது என்று நினைத்து நிறையப் பேர் வாங்குகிறார்கள். லிஃப்ட் போட்ட பிறகு வண்டி முதுகை ஒடிக்கிறது என்று புலம்பும் பலரின் வண்டியில் ஷாக் மேல் குற்றமில்லை, மூக்கில் இல்லாத எடைக்கு ஸ்பிரிங் போட்டிருக்கிறார்கள். கடையில் உயரத்தைக் கேட்பதற்கு முன்னால், இந்த ஸ்பிரிங் எத்தனை கிலோ கூடுதல் எடைக்குச் செய்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

ஆகவே கிட்டாக வாங்காமல் பிரித்து வாங்கினேன். முன்பக்கத்துக்குக் கூடுதல் எடை இல்லாத வண்டிக்கான 40 மி.மீ. ஸ்பிரிங் ஒரு ஜோடி, 14,500. காத்திருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பொருந்தும் கேஸ் ஷாக் ஒரு ஜோடி, 19,000. பழைய ஷாக்கையே வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். புது வண்டியின் ஷாக், தேய்மானமே இல்லை. ஆனால் 40 உயர்த்தியதும் அதன் நீட்சியில் பெரும்பகுதி தீர்ந்துவிடும், குழியில் சக்கரம் இறங்க இடம் இருக்காது. ஸ்பிரிங் மட்டும் வாங்கி ஷாக்கை மிச்சம் பிடிப்பது இந்த வேலையில் கட்டுப்படியாகாது. ஸ்ட்ரட்டைப் பிரித்தது பிரித்தாயிற்று என்று மேல் ரப்பர்களும் புதிதாக, 2,400.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றுக்கும் மாறுபாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. அதனால் சில எல்லைகள் போட்டுக்கொண்டேன். சேஸிஸில் துளையோ வெல்டிங்கோ கிடையாது. டயர் அளவு 255/60 ஆர்18, அது மாறாது. மாட்டுவது எதுவானாலும் ஒரே நாளில் கழற்றிப் பழையதை மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலைக் கோப்பில் வைத்திருக்கிறேன். இதையெல்லாம் செய்துவிட்டால் சட்டம் கண்டுகொள்ளாது என்று நான் சொல்ல வரவில்லை. செய்ய நினைப்பவர்கள் முதலில் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வாரண்டியில் முன் சஸ்பென்ஷன் பாகங்கள் போய்விடும் என்று சர்வீஸ் சென்டரில் முன்பே சொல்லிவிட்டார்கள், அதையும் கணக்கில் வைத்தே இறங்கினேன்.

முன்பக்க வேலை திண்டுக்கல்லில், எனக்குப் பழக்கமான ஒரு ஒர்க்‌ஷாப்பில். வீட்டிலேயே செய்ய என்னிடம் கருவிகள் இருந்தன, ஒன்றைத் தவிர. காயில் ஸ்பிரிங்கை அழுத்தும் கருவி. இரண்டு கொக்கியும் நீள போல்ட்டும் கொண்ட கைக்கருவி ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பிக்கப் ஸ்பிரிங்குக்கு அதை நம்பக் கூடாது. கொக்கி வழுக்கினால் ஸ்பிரிங் முகத்தில் பாயும். இந்த ஒர்க்‌ஷாப்பில் சுவரில் பதித்த, இரும்புக் கூண்டுக்குள் அழுத்தும் இயந்திரம் இருக்கிறது. கூலி 4,500, அதில் பாதி அந்தக் கூண்டுக்குத் தந்ததாகவே நினைத்துக்கொள்கிறேன்.

வேலை செய்த வரிசை: இரண்டு பக்கமும் சேஸிஸில் ஸ்டாண்டு, சக்கரம் கழற்றல், ஏ.பி.எஸ். சென்சார் ஒயரையும் பிரேக் ஹோஸையும் அவற்றின் கிளிப்பிலிருந்து விடுவித்தல், ஆன்ட்டி ரோல் பாரின் லிங்க்கை இருபக்கமும் கழற்றுதல், மேல் பால் ஜாயிண்ட்டைப் பிரித்தல், பிறகு ஸ்ட்ரட்டின் கீழ்ப் பிடிப்பும் மேலே உள்ள நட்டுகளும். பால் ஜாயிண்ட் பிரிந்ததும் ஹப் வெளியே சாயும். அப்போது சி.வி. ஆக்சில் இழுபட்டுக் கழன்றுவிடாமல் ஹப்பைக் கயிற்றால் கட்டி வைத்தோம்.

ஸ்பிரிங் ஜோடியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இரண்டும் ஒரே உயரமில்லை. ஒன்று சற்று நீளம், அதில் பெயின்ட் குறி. வலப்பக்கம் தாழ்ந்திருக்கும் வண்டிக்காக அப்படியே செய்கிறார்கள், நீளமானது ஓட்டுநர் பக்கம். மெக்கானிக் தம்பி குறியைப் பார்க்காமல் கையில் எடுத்தார்.

"தம்பி, ஒரு நிமிஷம். பெயின்ட் உள்ளது வலது பக்கம்."

"ரெண்டும் ஒண்ணுதானேண்ணே?"

டேப்பை வைத்துக் காட்டினேன். 9 மி.மீ. வித்தியாசம். இதை மாற்றி மாட்டியிருந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றிருக்கும், மறுபடி எல்லாவற்றையும் பிரித்திருக்க வேண்டும்.

இங்கே இன்னொன்று, பல ஒர்க்‌ஷாப்புகளில் விட்டுவிடுவது. கீழ் ஆர்மின் புஷ் போல்ட்டுகளை, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது முழு இறுக்கம் இறுக்கக் கூடாது. ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், வண்டி தரையில் நின்றதும் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். கையிறுக்கமாக விட்டு, வண்டியை இறக்கி, எடை சக்கரத்தில் அமர்ந்த பிறகு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். அடியில் படுத்துச் செய்ய வேண்டியிருப்பதால் யாருக்கும் பிடிக்காது. பக்கத்திலேயே நின்று செய்ய வைத்தேன்.

இறக்குவதற்கு முன், சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையில் மூன்று இடம் பார்த்தேன். மேல் ஆர்முக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஒரு 10-ஆம் நம்பர் ஸ்பேனர் தாராளமாக நுழைந்தது. பிரேக் ஹோஸில் இழுவை இல்லை. ஆக்சிலைக் கையால் சுற்றினால் சி.வி. ரப்பரின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசவில்லை. தரையில் நிறுத்தி அளந்தால் இடது 531, வலது 528.

பின்பக்கத்துக்குக் கரூர் வழியாக நாமக்கல் போனேன். லாரி பாடி கட்டும் ஊர் என்பதால் கமான் பட்டை வேலைக்கு அங்கே கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். என் மனதில் மூன்று யோசனை இருந்தது: இருக்கும் பட்டைகளைத் தட்டி வளைவைக் கூட்டுவது, பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமானதாக மாட்டுவது, ஒரு பட்டை சேர்ப்பது. பட்டறைப் பெரியவர் முதல் யோசனையைக் காதில் வாங்கியதும் தலையை ஆட்டினார்.

"தட்டி வளைச்சா கொஞ்ச நாளைக்குத்தானுங்க நிக்கும். அப்புறம் பழையபடி படுத்துக்கும். புது வண்டிப் பட்டையை எதுக்குங்க கெடுக்கறீங்க?"

ஷேக்கிளையும் அவரே வேண்டாம் என்றார். ஷேக்கிளை 50 நீட்டினால் 25 தான் ஏறும், பட்டையின் ஒரு முனை மட்டும் இறங்குவதால் ஆக்சிலின் மூக்குக் கோணமும் மாறும். ஆக, ஒரு பட்டை சேர்ப்பது. ஸ்பிரிங் ஸ்டீலில் 7 மி.மீ. தடிமன், மெயின் பட்டைக்கும் அதன் துணைப் பட்டைக்கும் அடுத்ததாக உட்காரும்படி.

முதலில் போட்ட பட்டையின் வளைவு அதிகமாகிவிட்டது. மாட்டி இறக்கியதும் இடது 582, வலது 578. கிட்டத்தட்ட 58 மி.மீ. ஏற்றம், வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. "லோடு ஏத்தினா சரியாயிடுங்க" என்றார் உதவியாள். நான் பெரும்பாலும் வெறும் தொட்டியோடுதான் மலை இறங்குகிறேன், அதனால் ஒத்துக்கொள்ளவில்லை. பெரியவரும் மறு பேச்சுப் பேசாமல் இரண்டு பட்டைகளையும் கழற்றி, வளைவு குறைந்த வேறொரு ஜோடியைத் தயார் செய்தார். அதை மாட்டியதும் 560, 556. பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் தடவி, புது சென்டர் போல்ட், அதே விட்டத்தில் சற்று நீளமான புது யூ போல்ட்டுகள். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. ஒருமுறை இறுகியதில் மரை நீண்டிருக்கும், மறுமுறை பிடி நிற்காது. எல்லாம் சேர்த்து 9,600.

பின் ஷாக்கை அங்கேயே சோதித்தேன். சேஸிஸை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால், பட்டை இன்னும் இறங்க இடமிருக்க, கம்பெனி ஷாக் முழுக்க நீண்டு அதுவே ஆக்சிலைப் பிடித்துத் தொங்கவிட்டிருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் இப்படி இழுத்தால் அதன் கண் புஷ் பிய்ந்துவிடும். நீளமான பின் ஷாக் ஒரு ஜோடி, 13,000.

நாமக்கல்லிலிருந்து திரும்பும் வழியில் ஒரு நடுக்கம். வண்டி நின்று கிளம்பும்போது, இரண்டாம் கியரில் 20-லிருந்து 35 கி.மீ. வேகத்துக்குள் தரையில் கால் வைத்த இடம் அதிர்ந்தது. வேகம் கூடினால் இல்லை. ஒரே சீராகப் போனாலும் இல்லை. மிதித்து இழுக்கும்போது மட்டும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச் என்றார்கள், இன்னொருவர் வீல் பேலன்ஸ் என்றார். கிளட்ச் என்றால் லிஃப்டுக்கு முன்னாலும் இருந்திருக்க வேண்டும், பேலன்ஸ் என்றால் 80-க்கு மேல்தான் தெரிய வேண்டும். இந்த வண்டியில் பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் ஒரு சென்டர் பேரிங் குறுக்குச் சட்டத்தில் தொங்குகிறது. பின்பக்கம் ஏறியதும் பின் துண்டின் சரிவு கூடி, நடு மூட்டின் கோணம் கெட்டிருக்கிறது. பேரிங் பிடிப்பைச் சற்று இறக்கினால் கோணம் திரும்ப நேராகும். முதலில் 6 மி.மீ. தடிமனில் ஸ்டீல் பேக்கிங் வைத்துப் பார்த்தேன், நடுக்கம் பாதியானது. 10 வைத்ததும் முழுக்கப் போய்விட்டது. கடைசலில் வெட்டிய பேக்கிங்கும் நீளமான ஹை டென்சில் போல்ட்டுகளும் சேர்த்து 650 ரூபாய். பின்பக்கம் 30-க்கு மேல் உயர்த்துகிறவர்கள் இதை முன்கூட்டியே எதிர்பார்க்கலாம். கிளட்ச் பிளேட் மாற்றக் காசு கொடுப்பதற்கு முன் இந்த 10 மில்லிமீட்டரைச் செய்து பாருங்கள்.

வீல் அலைன்மென்ட் கட்டாயம், இரண்டு முறை. மாட்டிய உடனே ஒன்று, ஸ்பிரிங் அமர்ந்த பிறகு ஒன்று, மொத்தம் 2,400. உயர்த்தினால் காஸ்டர் குறையும், அதாவது வளைவிலிருந்து ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரும் இழுப்பு மந்தமாகும். மலை ரோட்டில் முதல் நாளே கையில் தெரிந்தது. கீழ் ஆர்மின் கேம் போல்ட்டுகளைத் திருப்பி, காஸ்டருக்கு எவ்வளவு கொடுக்க முடியுமோ கொடுத்து, மிச்சத்தைக் கேம்பருக்கு (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணம்) விடச் சொன்னேன். டோ (முன்சக்கரங்கள் நேராகப் பார்க்கின்றனவா என்பது) மட்டும் சரிபார்த்து அனுப்பும் கடைகள் இருக்கின்றன. திரையில் மூன்று எண்களும் பச்சையாக வரும் வரை அங்கேயே நில்லுங்கள். ஹெட்லைட்டையும் அன்றே சுவரில் அடித்துப் பார்த்துத் தாழ்த்தினேன். மூக்கு ஏறியதால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது, கொண்டை ஊசி வளைவுகளில் அது ஆபத்து.

ஐந்நூறு கி.மீ. ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் டார்க் ரென்ச்சால் மறுபடி பார்த்தேன். முன்பக்கம் எதுவும் அசையவில்லை. யூ போல்ட்டுகள் எட்டு நட்டும் கால் சுற்று வரை ஏறின. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து இடைவெளி குறைவதால் இது எப்போதும் நடக்கும், செய்யாமல் விட்டால் சென்டர் போல்ட் வெட்டுப்படும். அப்போது எடுத்த அளவு: முன் இடது 526, வலது 524, பின் இடது 557, வலது 553. அதற்குப் பிறகு மாறவே இல்லை. நான்கு மூட்டை உரத்தோடு பின்பக்கம் இப்போது 30 மி.மீ. இறங்குகிறது, முன்பு 41. வெறும் தொட்டியில் பின்பக்கம் முன்பைவிடச் சற்று விறைப்புதான். தார் ரோட்டு வேகத்தடையில் பின் சீட்டுக்காரர்களுக்குத் தெரியும். பின் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்ததில் தாங்கிக்கொள்ளும்படி ஆகிவிட்டது.

மழைக்காலத்தில் திரும்பச் சுண்ணாம்பு பூசி, தடம் மிக ஆழமாக இருந்த வாரத்தில் ஓட்டினேன். குறுக்குச் சட்டத்தில் சேறு மட்டும். பம்பர் மூலையில் ஒரு ரூபாய் அளவுக்கு உரிந்திருந்தது, அது தடத்திலிருந்து நான் விலகிய இடம்.

எனக்கு மனதுக்குச் சரியாக அமையாதது ஏறும் உயரம். படியும் இல்லை, 40 மி.மீ. உயரமும் கூடிவிட்டது. அம்மாவால் ஏற முடியவில்லை, பழம் பறிக்க வரும் வயதான பெண்களுக்கும் சிரமம். படிகளைத் திரும்ப மாட்டினால் பாறையில் இடிக்கும். இப்போதைக்கு வெல்டிங் பட்டறையில் செய்த ஒரு சின்ன இரும்பு முக்காலியைத் தொட்டியில் வைத்திருக்கிறேன், ஏறியதும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். சேஸிஸைத் தொடாமல், பழைய படியின் துளைகளிலேயே மாட்டும்படி, கதவுக்குக் கீழே மட்டும் வரும் குட்டைப் படி ஒன்றுக்கு அட்டையில் அளவு வெட்டி வைத்திருக்கிறேன்.

திரும்பச் செய்வதாக இருந்தால் பின்பக்கத்தை முதலில் முடிப்பேன், பிறகு முன்பக்கம். பின் உயரம் பட்டறையில் கைவேலை, எவ்வளவு வரும் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. முன் ஸ்பிரிங்கோ அச்சடித்த அளவு. முதலில் பின்னால் என்ன வந்தது என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற முன் ஸ்பிரிங்கை வரவழைத்திருந்தால், இரண்டாவது பட்டை ஜோடிக்கு நாமக்கல்லில் அரை நாள் உட்கார்ந்திருக்க வேண்டாம். சென்டர் பேரிங் பேக்கிங்கையும் பட்டை வேலையோடு சேர்த்தே போட்டுவிடுவேன். டயர் தேய்ந்து மாற்றும்போதும் இதே அளவுதான், பக்கச் சுவர் தடிமனான ஆல் டெரைன் மட்டும் பார்ப்பேன். பதினேழு இஞ்ச் ரிம்மில் 265/70 போட்டால் விட்டம் 763-லிருந்து 803 ஆகிறது, ஆக்சில் 20 மி.மீ. ஏறும், ஆனால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-ல் போகும், மலை ஏற்றத்தில் கியரும் இழுக்காது. கிரௌன் உருண்டையில் சுண்ணாம்பு உரியாத வரை அதற்கு அவசியமில்லை.

கழற்றிய ஸ்ட்ரட்டுகள், பழைய ஷாக்குகள், சென்டர் போல்ட் எல்லாவற்றையும் கிரீஸ் தடவி, பழைய உரச்சாக்கில் சுற்றி, எந்தப் பக்கத்தது என்று எழுதி காபிக் கொட்டை குடோனின் பரண் மேல் வைத்திருக்கிறேன். யூ போல்ட்டை மட்டும் எடைக்குப் போட்டுவிட்டேன். வண்டியை விற்கும் நாளில் அல்லது யாராவது கேட்கும் நாளில், புது யூ போல்ட் வாங்கினால் போதும், மற்றதெல்லாம் தயார்.